இவரு மேல தப்பில்ல

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் அவரை "அந்த ஆள்" என்றுதான் சொல்வார்கள். எனக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை ஒரு தடவை நான் கெடுத்தாயிற்று. இன்னொரு தடவை இழுத்துவந்து என் எழுத்தில் நிறுத்த மனசு வரவில்லை.

மோட்டார் சைக்கிள் மெக்கானிக். திருநெல்வேலிச் சீமை முஸ்லிம். தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். அந்த நாற்றத்தில் கைக்குட்டை இல்லாமல் என்னால் நுழைய முடியாது. அவரோ அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் கடித்து ரொட்டி சாப்பிடுவார். ஐம்பது வயது இருக்கும். கட்டம் போட்ட கைலி, பட்டாளத்தில் கழித்துக் கட்டிய காக்கிச் சட்டை, காதுக்கு மேலே செருகிய ஒரு கோழி இறகு. அந்த இறகைப் பெட்ரோலில் தொட்டுத்தான் நுணுக்கமான சாமான்களைத் துடைப்பார். "பிரஷ் வாங்கப்படாதா பாய்?" என்று கேட்டேன். "கோழி சும்மா குடுக்குது சாமி" என்றார்.

பழுதான வண்டி வந்தால் தரையில் இரண்டு விரிப்புகள் விரிப்பார். ஒன்று கோணிச் சாக்கு. மற்றது வெளுத்த வேட்டித் துண்டு. கழற்றிய சாமான் எல்லாம் முதலில் சாக்குக்குப் போகும். பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார், துடைப்பார், சோதிப்பார். சரியாக இருந்தால் "இவரு மேல தப்பில்ல" என்று வாய்விட்டுச் சொல்லி வெள்ளைத் துணியில் வைப்பார். பிளக்கும் இவருதான், விரல் நீள ஒயரும் இவருதான். இன்ஜின் பக்கத்தில் இருக்கிற மேக்னெட்டோ மட்டும் பெரியவரு.

"என்ன பாய், கோர்ட்டா நடத்தறேள்?" என்று முதல் நாள் கேலி செய்தேன்.

"கோர்ட்டுல ரெண்டு பக்கமும் வக்கீல் உண்டும் சாமி. இவங்களுக்கு யாரு இருக்கா?"

ஒரு சமயம் ஒரு சர்தார்ஜி டாக்ஸியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பாட்டரி செத்துவிட்டது, விற்றவன் திருடன், அவன் கையை உடைக்கப் போகிறேன் என்று இந்தியில் கத்தல். இவர் குனிந்தார். பாட்டரியிலிருந்து வண்டியின் இரும்புக்குப் போகிற தடித்த ஒயரை அவிழ்த்தார். அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. சுரண்டி இறுக்கினார். டாக்ஸி உறுமிற்று. "பாட்டரி மேல தப்பில்ல. வித்தவன் மேலயும் தப்பில்ல. கைய ஒடைக்கிற வேலை மிச்சம்" என்றார். சர்தார்ஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புகூட உறுத்துகிறது.

யாரையும் சோதிக்காமல் குற்றம் சொல்வது அவருக்கு ஆகாது. சோதனையைத் தன்னிடமிருந்து தொடங்குவார். வீட்டில்கூட அப்படித்தானாம். "கொழம்பு உப்புக் கரிக்குன்னா, மொத என் நாக்கத்தான் விசாரிப்பேன். பொறவுதான் அவகிட்ட வாயத் தொறப்பேன். அதான் முப்பது வருசமா குடும்பம் ஓடுது" என்பார்.

இனி என் வண்டிக்கு வருகிறேன். வராமல் தப்பிக்க முடியுமா என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம். பட்டாளம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை நான் வாங்கியிருந்தேன். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, வயது இருபத்தெட்டு, கட்டடத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒரே ஆசாமி. கர்வத்துக்குக் கேட்க வேண்டுமா? ஆபீஸ் லைப்ரரியில் பழைய மோட்டார் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, எனக்கும் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வேறு.

அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. இன்ஜின் சுற்றும்போது மேக்னெட்டோவும் சுற்றித் தானே மின்சாரம் உண்டாக்கி, பிளக்கில் பொறி கொடுக்கும். நிறுத்துவதற்கு ஹாண்டில்பாரில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் மேக்னெட்டோவிலிருந்து வரும் ஒயர் வண்டியின் இரும்பைத் தொடும். தொட்டால் பொறி செத்துப் போகும். அவ்வளவுதான் விஷயம். ஆகையால் யார் வேண்டுமானாலும் உதைத்து ஓட்டிக்கொண்டு போகலாம். இதற்கு நான் ஒரு யுக்தி கண்டுபிடித்தேன். அந்த ஒயரிலிருந்து ஒரு கிளை பிரித்து, ஸீட்டுக்கு அடியில் ரகசியமாக ஒரு ஸ்விட்ச். அதைத் தட்டிவிட்டால் எந்தத் திருடனும் எவ்வளவு உதைத்தாலும் வண்டி கிளம்பாது.

இதை அவரிடம் சொல்லவில்லை. முன்பு ஒருமுறை வேறு எதற்கோ கேட்டபோது, "பெரியவருக்கு வெளிவேலை குடுக்காதீங்க சாமி, அவரு அவரு வேலையப் பாக்கட்டும்" என்றிருந்தார். அவர் வண்டியைச் சர்வீஸ் செய்து கொடுத்த நாலாம் நாள், வீட்டுக் கொல்லையில் நானே உட்கார்ந்து செய்தேன். அன்றைக்கு ஆவணி அவிட்டம். ஆபீஸ் லீவ்.

ஒயரோடு ஒயரை முறுக்கியாயிற்று, மேலே சுற்றக் கறுப்பு டேப் இல்லை. நல்ல டேப் கடைகளில் கிடைக்காத காலம். காலையில் புதுப் பூணூல் போட்டுக்கொண்டு கழற்றிய பழையது மாடத்தில் இருந்தது. அதைத் தண்ணீரில் விட வேண்டும். சாயங்காலம் சமுத்திரத்துக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். முறுக்கேறிய நல்ல நூல். எடுத்தேன், மெழுகுவர்த்தியில் இழுத்தேன், இணைப்பின்மேல் சுற்றினேன். மிச்ச நூலால் ஒயரை ஆயில் டாங்குக்குப் பின்னால் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். அம்மா பார்த்திருந்தால் அன்று சாப்பாடே போட்டிருக்க மாட்டாள். நானோ என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, விடாத மழையில், என் தம்பி ரமணி வண்டியை எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனான். அவனுக்கு அப்போதுதான் ரயில்வேயில் வேலைக்குச் சீட்டு வந்திருந்தது. டாக்டர் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. சயான் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது எதிரே இன்னொரு லாரி. வேகமாகத் தாண்டிவிடலாம் என்று ரமணி ஆக்ஸிலரேட்டரை முறுக்கியிருக்கிறான். இன்ஜின் பட்டென்று நின்றுவிட்டது. வண்டியை ஒடித்து விளக்குக் கம்பத்தில் மோதினான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "இன்ஜின் அப்படியே செத்துப் போயிடுத்து அண்ணா. நான் ஒண்ணும் பண்ணலை."

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பிறகு தெரிந்துகொண்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

மறுநாள் காலை போலீஸ் சௌக்கிக்குப் போனேன். முன்சக்கரம் நசுங்கி, ஹாண்டில்பார் முறுக்கிக்கொண்டு வண்டி மழையில் கிடந்தது. சாமான் ஏதாவது திருட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி குனிந்து, ஸீட்டுக்கு அடியிலிருந்த ஸ்விட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒயரை முழுக்க இழுக்கலாம் என்றால் ஆயில் டாங்கைக் கழற்ற வேண்டும். ஹவல்தார் பார்த்துக்கொண்டிருந்தான். ஒயரை அறுத்து, நுனியை ஸீட் ஸ்பிரிங்குக்கு நடுவே திணித்துவிட்டு எழுந்தேன். தம்பி காலில் கட்டுப்போட்டுக் கிடக்கிறான், அண்ணன் போய்ச் செய்த முதல் காரியம் இது.

அந்த மாதங்களில் ஊர் சரியில்லை. எங்கே பார்த்தாலும் இந்து முஸ்லிம் கலவரம், கத்திக்குத்து, ஊரடங்கு. அவரைப் போன்றவர்கள் எங்கள் பக்கமும், எங்களவர்கள் அவர்கள் பக்கமும் தலைகாட்டாத நாட்கள். அப்படிப்பட்ட நாளில், கைலியோடு, கையில் ஆறு மோசம்பி பழத்தோடு, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கம் அவர் வந்து நின்றார். உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். யாரும் வாருங்கள் என்று சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

அவர் நேரே ரமணியிடம் பேசினார்.

"தம்பி, அந்த வண்டிய முறையாக் கழட்டி மாட்டுனது கடைசியா என் கைதான். ஆக மொத என் கையத்தான் விசாரிக்கணும். வண்டிய எனக்குக் குடுங்க, பிரிச்சுப் பாக்கேன். என்ன தப்பு, யாரு தப்புன்னு கண்டுபிடிச்சு உங்களுக்குச் சொல்லுதேன். என் தப்புன்னாலும் ஒளிக்காம சொல்லுதேன்."

"சரி பாய்" என்றான் ரமணி. வலியோடு கொஞ்சம் சிரித்தான்கூட.

அவர் இன்னும் வாசலைத் தாண்டக்கூட இல்லை. மாடி வீட்டு மாமா ஆரம்பித்தார். கட்டடத்தில் நாலு பேருக்குப் புத்தி சொல்வது அவர் வழக்கம். "கேட்டியோ? தானே ஒத்துண்டுட்டான். காலம் கெட்டுக் கிடக்கு. யார் கண்டா, வேணும்னேகூடப் பண்ணியிருப்பான். உனக்கு வேற மெக்கானிக்கே கிடைக்கலையாடா?"

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அவர் கொண்டுவந்த மோசம்பியை உரித்து ரமணிக்குச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவின் வாய் மாட்டுங்கா முழுக்கச் சுற்றிவந்தது. அதுவரை எங்கள் பேட்டை டாக்டர் ஒருவரின் காரும், வக்கீல் ஒருவரின் மோட்டார் சைக்கிளும் அவரிடம்தான் போகும். இரண்டும் நின்றன. வண்டியை ஹாத்காடி என்கிற கைவண்டியில் ஏற்றி நானே தாராவிக்குக் கொண்டுபோனபோது கொட்டகை வெறிச்சென்று இருந்தது.

"டாக்டர் கார் வரதில்லையா பாய்?"

"வேற எடத்துல பாக்காங்க போல" என்றார்.

முன்பக்கத்தைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஃபோர்க்கை நிமிர்த்தினார், வேறு சக்கரம் கோத்தார், ஹாண்டில்பார் மாற்றினார், விளக்குக்குப் புது ஒயர் ஓட்டினார். ஞாயிறுதோறும் போவேன். போகாமல் இருந்தால் சந்தேகப்படுவாரோ என்று பயம். போனால் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமே என்று பயம். வேலைகளுக்கு நடுவே, சர்வீஸில் தான் தொட்ட இடத்தையெல்லாம் முதலில் திறந்து பார்த்தார். ஒவ்வொரு திருகையும் விரல் நகத்தால் தடவினார். "என் கை மேல இதுவரைக்கும் தப்பில்ல. ஆனா இன்னும் முடியல" என்றார்.

வண்டி முழுசாகி நின்ற அன்று கூத்து தொடங்கிற்று. பக்கத்தில் நின்று உதைத்தார், இன்ஜின் பிடித்தது. ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை போகலாம் என்று கிளம்பினார், பத்தடியில் செத்தது. இறங்கி ஸ்டாண்டில் போட்டு உதைத்தார், மறுபடி பிடித்தது. மறுபடி ஏறினார், கொஞ்சம் ஓடிற்று, செத்தது.

அவருக்கு முகம் மாறிவிட்டது. "தம்பிக்கும் இப்படித்தான் நின்னிருக்கு" என்றார் மெதுவாக.

அடுத்த ஞாயிறு சாக்கும் வெள்ளைத் துணியும் விரித்தார். பிளக்கைக் கழற்றி, வெளிச்சம் படாமல் தகரத் தட்டியைச் சாத்திப் பொறியைப் பார்த்தார். நீலமாகத் துள்ளியது. தப்பில்லை. பிளக் ஒயரைத் தன் விரலிலேயே பிடித்துக்கொண்டு உதைத்தார். தோள்வரை உதறிற்று. "நல்லாக் கடிக்காரு" என்று சிரித்தார். தப்பில்லை. மேக்னெட்டோவுக்குள் திறந்து மூடும் பாயிண்டை இறகால் துடைத்து, சிகரெட் அட்டையை நுழைத்து இடைவெளி பார்த்தார். தப்பில்லை. சூடேறினால் பெரியவர் சோர்ந்துவிடுகிறாரோ என்று சந்தேகம். அவரைக் கழற்றி, அரிக்கேன் விளக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கி, சுற்றிப் பார்த்தார். அப்போதும் கடித்தார். ஹாண்டில்பார் பொத்தான், அதன் ஒயர், வண்டி நின்றபடி இரண்டும் சரி. ஒவ்வொன்றாக வெள்ளைத் துணிக்குப் போயிற்று.

நான் ஒரு தோட்டாப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். "பாய், ஆயில் டாங்குக்குப் பின்னாலே பாருங்கோ." நாக்கு நுனிவரை வரும். வந்து திரும்பிவிடும். இரண்டு ஞாயிறு அப்படிப் போயின.

"சத்தம் போடுத சாமான்ல பெரும்பாலும் தப்பு இருக்காது சாமி" என்றார் ஒரு தடவை, பாயிண்டைத் துடைத்தபடி. "கம்முனு இருக்கதத்தான் பாக்கணும்." வண்டியைப் பற்றித்தான் சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு சாக்கு காலியாகிவிட்டது. எல்லாம் வெள்ளைத் துணியில். அவர் பீடி ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டு வெகு நேரம் அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். உதைத்தார். ஓடிற்று.

"இங்க நிக்கப்போ ஓடுது. நான் ஏறுனா சாவுது. வண்டில நான் சோதிக்காத சாமான் ஒண்ணுதான் மிச்சம் சாமி. மேல இருக்க ஆளு. நீங்க சித்த ஏறி உக்காருங்க, நான் கீழ நின்னு பாக்கேன்."

"நானா? நீங்களே…"

"எனக்குக் கண்ணு கீழ வேணும். சும்மா காலி பீலி பயப்படாதீங்க, ஸ்டாண்டுலதான நிக்குது."

ஏறி உட்கார்ந்தேன். ஸீட் ஸ்பிரிங் அமுங்கிற்று. இன்ஜின் நின்றது.

"எறங்குங்க." இறங்கினேன். உதைத்தார். ஓடிற்று. "உக்காருங்க." உட்கார்ந்தேன். நின்றது.

பிறகு மேக்னெட்டோவிலிருந்து பொத்தானுக்குப் போகும் ஒயரை மட்டும் அவிழ்த்துவிட்டு உதைத்தார். "உக்காருங்க." உட்கார்ந்தேன். இப்போது ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோலை மூடி நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மல்லாந்து தரையில் படுத்து, ஒரு சின்ன முகக்கண்ணாடியையும் டார்ச் லைட்டையும் ஆயில் டாங்குக்குப் பின்னால் நீட்டிப் பார்த்தார். அப்படியே கிடந்தார், அசையாமல்.

எழுந்தார். வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். எண்ணெய் போகவில்லை என்று மண்ணைத் தேய்த்து இன்னொரு தடவை கழுவினார். அவர் வேலைக்கு நடுவே கை கழுவி நான் பார்த்ததே இல்லை. ஆயில் டாங்கைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, கத்தரி எடுக்காமல், முடிச்சு முடிச்சாக நகத்தால் அவிழ்த்தார். சேறும் மெழுகுமாக அந்த நூல் வந்தது. கூடவே என் ஒயரும்.

மழையில் நூல் ஊறித் தளர்ந்திருந்தது. ஒயர் தொங்கி, மேலே ஆள் அமுங்கும்போது நூல் விலகின இணைப்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. ஸீட் ஸ்பிரிங்கில் நான் அறுத்துத் திணித்த நுனியும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

ஒயரைச் சாக்கில் வைத்தார். நூலைச் சாக்கில் வைக்கவில்லை. வெள்ளைத் துணியிலும் வைக்கவில்லை. சுத்தமான காகிதம் ஒன்றைத் தேடி எடுத்து, மடித்துப் பொட்டலமாக்கி என்னிடம் நீட்டினார்.

"இதத் தண்ணில விடணும் இல்லியா சாமி?"

நான் வாங்கிக்கொண்டேன். ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"கழிஞ்ச ஞாயித்துக்கெழமையும் இங்கதான் உக்காந்திருந்தீங்க" என்றார். "அதுக்கு முந்தின வாரமும்."

அவ்வளவுதான். பிறகு என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"தம்பிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். கண்டுபிடிச்சுச் சொல்லுதேன்னு. நீங்க சொல்லுதீங்களா, நான் வந்து சொல்லவா?"

இதைப் பெருந்தன்மை என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியம். அவர் பெரியவர், நான் சின்னவன், கணக்குத் தீர்ந்தது என்று போய்விடலாம். அது உண்மையில்லை. அந்த வருஷத்தில், எங்கள் கூடத்தில் வந்து நின்று, தப்பு உங்கள் அண்ணன் மேல் என்று அவர் சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? மாடி மாமா அவரைப் படியில் உருட்டியிருப்பார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய நல்ல பெயர் அப்போது என் வாயில்தான் இருந்தது.

"நானே சொல்றேன் பாய். இன்னிக்கே சொல்றேன்."

"சொன்னாப் போதும்" என்றார். முகம் தெளிந்துவிட்டது. நம்பிவிட்டார்.

வரும் வழியில் மாஹிம் உப்பங்கழியில் பொட்டலத்தை எறிந்தேன். வாக்கியங்களைக் கூட ஒழுங்குபடுத்திக்கொண்டேன். ரமணி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். இப்படி ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தால் ஈஸிசேரில் ரமணி, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி. எலும்பு கூடியது கோணல், ஒரு கால் குட்டையாகத்தான் இருக்கும், ரயில்வே டாக்டர் பார்வையில் தேறாது என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். மாடி மாமாவும் இருந்தார்.

"என்னவாம் அண்ணா? கண்டுபிடிச்சாரா?"

"ஹும். மேக்னெட்டோகிட்டே ஒரு ஒயர். சரியா இறுக்கலையாம்."

"அவரே சொன்னாரா?"

"சொன்னார்."

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் மாமா.

ரமணி தன் காலைப் பார்த்தான். "என்கிட்டே வந்து சொல்றேன்னாரே?"

"முகத்தைப் பார்க்க வெட்கமா இருக்காம்" என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய்களில் இந்த ஒன்றுக்குத்தான் எனக்கு மன்னிப்புக் கிடையாது. என் வெட்கத்தை எடுத்து அவர் முகத்தில் பூசினேன்.

பிறகு தாராவிப் பக்கம் போகவில்லை. வண்டியை எடுத்துவர ஆபீஸ் பியூனை அனுப்பினேன். சில மாதங்களில் அவர் கொட்டகையைக் காலிசெய்துகொண்டு வடக்கே பாண்டுப் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியையும் ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு வருஷம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாட்டுங்கா மார்க்கெட் வாசல். ரமணியைப் பின்னால் உட்கார வைத்துக் கறிகாய் வாங்க வந்திருந்தேன். அவனுக்குள் கோபமே தங்காது. ஊன்றுகோலும் சிரிப்புமாக ஒரு புஸ்தகக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். எதிரே சைக்கிளில், காரியரில் ஏதோ இரும்பைக் கட்டிக்கொண்டு அவர் வந்தார். தாடி பாதி நரைத்திருந்தது. காதில் அதே இறகு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரமணி கூப்பிட்டுவிட்டான்.

"பாய்! பாய்!"

அவர் இறங்கினார். முதலில் ரமணியின் காலைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தை.

"நல்லா இருக்கீங்களா தம்பி?"

"இருக்கேன் பாய். உங்ககிட்டே ஒண்ணு சொல்லணும்னு நெனைச்சிண்டே இருந்தேன். அண்ணா எல்லாம் சொன்னான். எனக்கு உங்க மேலே கோபமே கிடையாது. மனுஷன் கைதானே, ஒரு ஒயர் தளர்ந்து போறது சகஜம்தான். நீங்களே வந்து சொல்லியிருக்கலாம், அந்த ஒண்ணுதான் கொஞ்சம் வருத்தம். அதுவும் இப்போ இல்லை."

மார்க்கெட் வாசலில் வாழைக்காய்க்காரி கத்திக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்கும்போது அப்படித்தான் பார்ப்பார். என்னிடத்திலிருந்து ஏதாவது வரும் என்று கொஞ்சம் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். நான் கறிகாய்ப் பையை ஹாண்டில்பாரில் மாட்டினேன்.

அவர் ரமணி பக்கம் திரும்பினார்.

"வந்திருக்கணும் தம்பி" என்றார். "குடுத்த வாக்க அடுத்தவங்க கையில விட்டேன். அது என் தப்புதான்."

அவன் கையைப் பிடித்து இரண்டு தடவை தட்டினார். சைக்கிளைத் திருப்பினார். ஒரு காலை மிதியில் வைத்தவர், நின்று, என் மோட்டார் சைக்கிளை முன்னும் பின்னும் ஒரு முறை பார்த்தார்.

"வண்டி எப்படிப் போவுது சாமி?"

"நன்னா… நன்னாப் போறது பாய். ஒரே உதையிலே கிளம்பறது."

"கெளம்பும்" என்றார். "இவரு மேல தப்பில்ல."

அவர் போய்விட்டார். ரமணி ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான். "பாவம் அண்ணா, எவ்வளவு பெரிய மனசு. தன் தப்பைத் தானே ஒத்துக்கறார் பார்" என்றான்.

நான் உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பிற்று.